வியாழக்கிழமை அம்மா

கிளீவ்லாண்ட்
ஞாயிறு, செப்டம்பர் 7, 1969

அன்புள்ள ஓலா மே அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உன் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏரிக்காற்று இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

மார்வா பத்திரமாக வந்து சேர்ந்தாளா? பஸ் ஏற்றிவிடும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. எட்டு வயதுப் பிள்ளை அம்மாவை விட்டுப் போகும்போது அழ வேண்டாமா? பழகிவிட்டது போல் கையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். கோடை விடுமுறைக்கு மட்டும் பெற்றவளைப் பார்க்கிற பிள்ளை அப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லியோலா அம்மாவின் வாடகை அறைகளில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள இடமில்லை, உனக்குத் தெரியும். அடுத்த தெருவில் ஒரு மாடிவீடு காலியாகப் போகிறது. இரண்டு அறை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். போய்ப் பார்த்துவிட்டேன். என் வாரச் சம்பளம் எழுபத்திரண்டு டாலரில் அதற்கு வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு அந்த ஜன்னலைத்தான் கடிக்க வேண்டும்.

ஆபீஸில் ஒன்று நடந்தது. கேத்லீன் டோபின் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் கேட்கும் பூட்டு, கீல், கைப்பிடி எல்லாவற்றுக்கும் ஆர்டர் எழுதி கோடவுனுக்கு அனுப்புகிற அதே வேலை. நான்தான் பழக்கிவிட்டேன். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை கை கழுவும் இடத்தில் என்னிடம் அங்கலாய்த்தாள்.

"வாரத்துக்குத் தொண்ணூத்தியோரு டாலரை வச்சுக்கிட்டு எப்படித்தான் காலம் தள்ளுறது? உங்களுக்கும் இதே பாடுதானே, ஐடெல்லா?"

"ஆமாம்மா, இதே பாடுதான்" என்றேன். வேறு என்ன சொல்ல? ஈரம் போன பிறகும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அம்மா இருந்தால் என்ன செய்திருப்பாள் அக்கா?

மார்வாவுக்கு என் முத்தம். அங்கே எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
ஐடெல்லா

*

டெமோபோலிஸ், அலபாமா
ஞாயிறு, செப்டம்பர் 21, 1969

அடி ஐடெல்லா,

நாங்கள் சுகம். முழங்கால் அது பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். மார்வா பத்திரமாக வந்தாள். வந்ததும் வெண்டைக்காய் வறுவல் கேட்டாள், பிறகு உன் அறையைப் பற்றி ஒரே பேச்சு. அந்த மாடி ஜன்னலில் பனி தெரியுமா என்று கேட்கச் சொன்னாள்.

அம்மா என்ன செய்திருப்பாள் என்று கேட்கிறாயே, உனக்குத் தெரியாதா? அம்மா வேலை பார்த்த விட்ஃபீல்டு வீட்டு எஜமானி சம்பளமென்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, "சரிதானே, எஸ்ஸி?" என்பாள். நம் அம்மா தொகை காதில் விழும் முன்பே, "நன்றிங்க அம்மா" என்பாள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நம்மை அழாமலே வளர்த்துவிட்டாள்.

அதற்கு என்ன கிடைத்தது? அந்த வீட்டிலேயே தங்கி, அவர்கள் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள். எங்கும் வீட்டு வேலைக்காரிகளுக்கு உள்ள விடுமுறைதான் அவளுக்கும்: வியாழக்கிழமை, ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு. மற்றப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் நமக்கு வியாழக்கிழமை. நீயும் நானும் நாம் தங்கியிருந்த அத்தை வீட்டுச் சாலை வளைவில் போய் நிற்போம். மத்தியானம் வருவாள், சட்டையில் அடுத்தவர் வீட்டுச் சோப்பு வாசனையோடு. இருட்டும் முன் போய்விடுவாள். ஒரு நாள் அவள் போன பிறகு நீ மண்ணை உதைத்துக்கொண்டு, "எம் பிள்ளைக்கு நான் வியாழக்கிழமை அம்மாவா இருக்க மாட்டேன்" என்று கத்தினாயே, நினைவிருக்கிறதா? இப்போது கோடைக்கால அம்மாவாக இருக்கிறாய். பெரிய வித்தியாசம்!

கேள். போய்க் கேள். தொண்ணூற்றியொன்று இல்லை, தொண்ணூற்றைந்து கேள். பழக்கிவிட்டவளுக்கு நாலு டாலர் அதிகம் வேண்டாமா? உன் வாய் எனக்குத் தெரியும், அதனால் இப்போதே சொல்கிறேன். காலையில் முட்டை பொரிக்கும்போது அந்தத் தொகையைச் சத்தமாகச் சொல்லிப் பழகு. பின்னால் 'சார்' போடாதே. 'தொந்தரவு இல்லையென்றால்' என்று இழுக்காதே. சொன்னதும் வாயை மூடு. மிக முக்கியம், நன்றி சொல்லாதே. முதலில் அவர் கொடுக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கடவுள் துணை இருப்பார். நீயும் கொஞ்சம் துணை இரு.

ஓலா மே

*

கிளீவ்லாண்ட்
ஞாயிறு, அக்டோபர் 19, 1969

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கும் மார்வாவின் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஜன்னலில் பனி தெரியும் என்று அவளிடம் சொல். கை நீட்டினால் தொடலாம்.

நீ சொன்னபடி பழகினேன். இங்கே சுவர் மெல்லிசு என்பதை மறந்துவிட்டேன். நாலாம் நாள் லியோலா அம்மா கதவைத் தட்டினாள்.

"ஏண்டி, காலங்காத்தால தொண்ணூத்தஞ்சு தொண்ணூத்தஞ்சுன்னு ஜெபம் பண்றியே, கனவுல வந்த நம்பரா?"

நான் விளக்கம் சொல்லும் முன்பே தெருமுனையில் லாட்டரி எழுதுகிறவனிடம் ஓடிப்போய் அரை டாலர் கட்டிவிட்டாள். நம்பர் விழவில்லை. "அந்த அரை டாலர் உன் கணக்குலதான்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸ் மேலதிகாரி மிஸ்டர் ஹாலக்கின் அறைக்குப் போனேன். "கேத்லீன் செய்யற வேலையத்தான் நானும் செய்யறேன். அவங்களுக்கு நான்தான் பழக்கினேன். எனக்குத் தொண்ணூத்தஞ்சு வேணும்" என்றேன்.

"தொண்ணூத்தஞ்சா? வருஷத்துக்குக் கூடுதலாவா?"

"வாரத்துக்கு. மொத்தமா."

பேனாவைக் கீழே வைத்தார். "நீ இங்க சந்தோஷமா இருக்கேன்னுல நெனச்சிட்டு இருந்தேன், ஐடெல்லா. மிஸ் டோபினோட அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. அந்தப் பொண்ணு தலையிலதான் குடும்பமே நிக்குது." கவனித்தாயா அக்கா, அவள் மிஸ் டோபின், நான் ஐடெல்லா.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, சார்" என்றேன். சார் வந்துவிட்டது, மன்னித்துவிடு. நன்றி மட்டும் வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரும் எதற்காகவோ காத்திருந்தார். நன்றிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள்ள சொல்றேன்" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். எத்தனை வருஷமாக என் வாய்க்குள் கிடந்த ஒன்று வெளியே வந்துவிட்டது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தச் சந்தோஷத்தை யாரும் பிடுங்க முடியாது என்று தோன்றியது. ஆனால் கிடைக்க வேண்டும். மாடிவீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

முத்தங்களோடு
ஐடெல்லா

*

டெமோபோலிஸ்
ஞாயிறு, நவம்பர் 9, 1969

என் சிங்கக்குட்டிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் நலம். மார்வாவுக்குச் சளி பிடித்து விட்டுப்போயிற்று.

உன் கடிதத்தை அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "தொண்ணூத்தஞ்சு" என்று நடுவீட்டில் இடுப்பில் கைவைத்து நின்று சொல்லிப் பார்க்கிறாள். நேற்று வேர்க்கடலை விற்கிறவனிடமே சொல்லிவிட்டாள், அவன் பயந்துபோனான்.

ஒன்று செய்துவிட்டேன், திட்டாதே. கடைவீதியில் ஒரு கோட் பார்த்தேன். நீலக் கம்பளி, பெரிய பித்தளைப் பொத்தான்கள். வடக்கத்திக் குளிருக்கு ஆகும் என்று தவணையில் எடுத்துவிட்டேன். இங்கே அதைப் போட்டால் வெந்துபோவாள், ஆனாலும் கழற்ற மாட்டேன் என்கிறாள். ஈஸ்டருக்குள் வந்துவிடு என்று நீ எழுதுவாய் என்று எதிர்பார்க்கிறோம்.

கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளைக் கலந்த பிறகு என்னை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிச் சமையலறைக்கு மாற்றினார்களே, அங்கேயும் உன் கதைதான். இருநூறு பிள்ளைகளுக்கு மாவு பிசைந்து ரொட்டி சுடுவது நான். பீன்ஸ் டப்பா திறக்கிற வெள்ளைக்கார மிஸ் ஜோவுக்குச் சம்பளம் கூட. நான் கேட்கவில்லை. இந்த வயதில் என்னத்தைக் கேட்க? நீ வாங்கு, நான் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன்.

பதில் வந்ததும் எழுது.

ஓலா மே

*

கிளீவ்லாண்ட்
ஞாயிறு, டிசம்பர் 14, 1969

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வேலை அதிகம்.

கேட்டது கிடைத்துவிட்டது. நீ சொன்னபடியே நடந்தது.

மாடிவீடு மட்டும் கைமாறிவிட்டது, வேறு பார்க்க வேண்டும். ஈஸ்டர் பற்றி இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. கடிதங்களை லியோலா அம்மாவின் விலாசத்துக்கே போடு. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கி வைப்பாள்.

மார்வாவுக்குக் கையுறை அனுப்பியிருக்கிறேன். சிவப்பு. கிறிஸ்துமஸ் வாழ்த்து.

ஐடெல்லா

*

டெமோபோலிஸ்
ஞாயிறு, ஜனவரி 4, 1970

என் தங்கமே,

புது வருஷம் உனக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். நாங்கள் சுகத்துக்கு மேல் சுகம்.

இப்படிப்பட்ட செய்தியை யாராவது நாலு வரியில் எழுதுவார்களா? கஞ்சப்பிசினாறி! பரவாயில்லை, உனக்குப் பதில் நான் சொல்லிவிட்டேன். சாட்சி சொல்லும் நேரத்தில் சபையில் எழுந்து நின்றேன். "எந் தங்கச்சி ஐடெல்லா வெள்ளைக்காரர் முன்னால நின்னு, எனக்கு இவ்வளவு வேணும்னு கேட்டா. கேட்டது கெடச்சுது!" என்றேன். கைதட்டல் அடங்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "எவ்வளவு கேட்டா, தொகையச் சொல்லு!" என்று கத்தினாள். சொன்னேன். கோயிலே ஆமென் என்றது.

வீட்டுக்கு நடந்துவரும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. தங்கை கேட்டதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவள், தான் கேட்காமல் இருக்கலாமா? மறுநாளே பள்ளியில் சமையலறையைப் பார்த்துக்கொள்கிற மேலாளரிடம் போனேன்.

"என்ன ஓலா மே?"

"மணிக்குப் பதினஞ்சு சென்ட் கூட வேணும். மிஸ் ஜோவுக்குக் குடுக்குற அளவு."

வாயை மூடிக்கொண்டேன். உனக்குச் சொல்லிக் கொடுத்த பாடமாயிற்றே. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. ரொட்டி அடுப்புல இருக்கு."

மனசுக்குள் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். அவளுக்குக் கிடைத்ததே, எனக்குக் கிடைக்காதா என்று அப்படி ஒரு தைரியம். வெள்ளிக்கிழமைச் சம்பளத்தில் அந்தப் பதினைந்து சென்ட் ஏறியிருந்தது! ஐடெல்லா, இது உன் காசு. உன்னால் வந்தது. மார்வாவின் கோட் தவணை முடிந்துவிட்டது.

வீடு பார். சீக்கிரம் பார்.

ஓலா மே

*

கிளீவ்லாண்ட்
வியாழன், ஜனவரி 29, 1970

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கிடைத்ததைவிட உனக்குக் கிடைத்ததுதான் எனக்குப் பெரிது. உண்மையாகச் சொல்கிறேன். அந்தக் காசு உன் வாயால் வந்தது, என்னால் இல்லை. சபையில் என்னைப் பற்றி இனிமேல் சொல்லாதே, கூச்சமாக இருக்கிறது.

இங்கே முழங்கால் அளவு பனி. மத்தியானத்தில் ஒரு சத்தமும் இருக்காது. ஜன்னல் வழியாக மரங்கள் மட்டும் தெரியும்.

ஈஸ்டருக்கு வேண்டாம் அக்கா. கோடையில் பார்ப்போம். மார்வாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

மேஜைத்துணியில் மெழுகு ஒழுகினால் அம்மா எதை வைத்து எடுப்பாள்? ஞாபகம் இருந்தால் எழுது. சும்மாதான் கேட்டேன்.

இதோடு கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன்.

ஐடெல்லா

*

டெமோபோலிஸ்
ஞாயிறு, பிப்ரவரி 22, 1970

ஐடெல்லா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் நலமாக இரு.

கோடையா? வேலை கிடைத்தால் கூட்டிப்போவேன் என்றாய். கிடைத்தது. சம்பளம் ஏறினால் என்றாய். ஏறியது. இப்போது கோடையா? நடுவில் எவனாவது வந்திருக்கிறானா? இருந்தால் சொல்லித் தொலை. அவனுக்குப் பிள்ளை பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல். நான் வளர்க்கிறேன். எனக்கு அவள் பாரமில்லை. ஆனால் அவளை வாசலில் நிறுத்தி வைக்காதே.

நான் பக்குவமாகத்தான் சொன்னேன். "சரிங்க பெரியம்மா" என்று போய்க் கோட்டை மடித்து வைத்தாள். பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி மடித்து வைத்தாள். கை நீளம் இப்போதே குறைய ஆரம்பித்துவிட்டது. இந்த வயதில் பிள்ளைகள் நிற்காமல் வளரும்.

இன்னொன்று. எப்போதும் ஞாயிறு எழுதுகிறவள் போன தடவை வியாழக்கிழமை எழுதியிருக்கிறாய். தொண்ணூற்றைந்து டாலர் கொடுத்து வியாழக்கிழமை லீவும் விடுகிற ஆபீஸா அது? எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்.

கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஓலா மே

*

கிளீவ்லாண்ட்
வியாழன், மார்ச் 12, 1970

அக்கா,

சுகம். யாரும் இல்லை. அப்படியெல்லாம் நினைக்காதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நேரம் கிடைப்பதில்லை, அதனால்தான். பணம் வைத்திருக்கிறேன். மார்வாவுக்கு ஈஸ்டர் செருப்பு வாங்கிக் கொடு.

கோபப்படாதே அக்கா. நீ கோபப்பட்டால் எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை.

ஐடெல்லா

*

டெமோபோலிஸ்
திங்கள், மார்ச் 23, 1970

அன்புள்ள ஐடெல்லாவுக்கு,

சாப்பிடுகிறாயா? நேரத்துக்குத் தூங்குகிறாயா? கையில் வெடிப்பு இருந்தால் பன்றிக்கொழுப்பு தடவு, கடையில் விற்கிற களிம்பு ஆகாது. அம்மா அதைத்தான் தடவுவாள்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. ஈஸ்டர் வருகிறது. மார்வா வெள்ளைச் செருப்பு கேட்டாள், வாங்கியாயிற்று.

நேற்று உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சண்டைக்குச் சரக்குத் தேடத்தான் எடுத்தேன். ஜனவரி வியாழன். மார்ச் வியாழன். அப்போதுதான் மெழுகு ஞாபகம் வந்தது. உன் அறையில் மேஜையே இல்லையே, மேஜைத்துணி எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். கடிதங்கள் மடியிலேயே கிடந்தன. மார்வா வந்து, "ஏன் பெரியம்மா அடுப்பு அணைஞ்சு கெடக்குது?" என்று கேட்கிற வரைக்கும்.

மெழுகின் மேல் பழுப்புத்தாளை வைத்து, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்ட வேண்டும். தாள் மெழுகைக் குடித்துவிடும். அம்மா அதை விட்ஃபீல்டு வீட்டில் கற்றுக்கொண்டாள்.

இனிமேல் உனக்குத் திங்கட்கிழமையே தபாலில் போட்டுவிடுகிறேன். வியாழக்கிழமை உன் கைக்குக் கிடைக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இஷ்டமிருந்தால் பதில் எழுது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறாவது விடுகிறார்களா?

உன் அக்கா

*

கிளீவ்லாண்ட்
வியாழன், ஏப்ரல் 2, 1970

என் அக்காவுக்கு,

விடுவதில்லை. ஞாயிறுகளில் அவர்களுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள்.

உன் கடிதத்தை லியோலா அம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்து படித்தேன். வியாழன்களில் அங்கே போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு, பதில் எழுதிப் போட்டுவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மறைக்க வேண்டும் என்று நினைத்தவள் தேதியை மறைக்க மறந்துவிட்டேன் பார். வியாழன் என்று கை தானாக எழுதிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது.

நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை மிஸ்டர் ஹாலக் கூப்பிட்டார். "உன் வேலையையே எடுத்துட்டோம், ஐடெல்லா. ரெண்டு மேஜையையும் மிஸ் டோபினே பாத்துக்குவாங்க" என்றார். கேத்லீன் அழுதாள். அழுதுகொண்டே, கோடவுன் சீட்டுகள் எந்த அலமாரியில் என்று கேட்டாள். காட்டிவிட்டு வந்தேன்.

சும்மா இருக்கவில்லை அக்கா. புகார் எடுத்துக்கொள்கிற ஓர் இடத்துக்குப் போனேன். கம்பெனியில் விசாரித்துவிட்டு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார்.

"கறுப்பருங்கறதால சம்பளத்தக் கொறச்சாங்களா, பொம்பளைங்கறதால கொறச்சாங்களா? ஒண்ணச் சொல்லுங்கம்மா."

"ரெண்டுந்தான்."

"அப்படி எழுத இடமில்லம்மா. கறுப்பருன்னு எழுதுனா, கோடவுன்ல கறுப்பு ஆம்பளைங்களுக்கும் வெள்ளைக்காரங்க சம்பளந்தான்னு கம்பெனி காட்டுது. பொம்பளைன்னு எழுதுனா, மிஸ் டோபினும் பொம்பளதானேன்னு கேக்குது."

"நான் ஒரே ஆளாத்தாங்க வந்திருக்கேன்" என்றேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் எந்த ஆபீஸிலும், முன்பு எங்கே இருந்தாய் என்று கேட்டு அங்கே போன் செய்தார்கள். போன் செய்ததும் இடமில்லை என்றார்கள். பணக்காரர்கள் இருக்கிற ஷேக்கர் ஹைட்ஸில், வீட்டு வேலைக்கு ஆள் தேடிய ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை. போகும்போது பஸ்ஸில் அறுபது, அறுபது என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். அந்த வீட்டம்மா சமையலறையைக் காட்டிவிட்டு, "வாரத்துக்கு நாப்பத்தஞ்சு, சாப்பாடு, தங்க எடம். சரிதானே, டெல்லா?" என்றாள். அவள் முடிக்கவில்லை அக்கா. அதற்குள் "நன்றிங்க அம்மா" என்று வந்துவிட்டது. என் குரலே இல்லை, அம்மாவின் குரல். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் நிற்கிறாளோ என்று.

நீ 'கேள்' என்று சொன்னதால் போனது என்று நினைத்து நீ நொந்துபோவாய் என்றுதான் சொல்லவில்லை. கேட்டது தப்பில்லை. இன்றைக்கும் அந்தப் படிக்கட்டில் சிரித்ததை நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பதினைந்து சென்ட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன், மேலாளரிடம் போகிறேன் என்று ஏதாவது கிளம்பினாயோ, நான் வந்து உன் காலை உடைப்பேன். நம் வீட்டில் ஒருத்தி வாய் திறந்து கேட்டு, கேட்ட காசு வீட்டுக்கு வந்திருக்கிறது. அது பொய்யில் பிறந்த காசுதான். இருக்கட்டும். அது வாழட்டும்.

இங்கே ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மார்வா வயது. காலையில் நான்தான் தலை வாரிவிடுகிறேன். முதல் நாள் வகிடு எடுக்கும்போது என் கை ஓடவில்லை.

மார்வாவிடம் சொல்லாதே அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். தெரிந்தால் அவளும் நம்மைப் போல வியாழக்கிழமையை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவாள். நம் அம்மாவாவது அந்த வளைவு வரைக்கும் வந்தாள். என்னால் அதுவும் முடியாது.

உன்
ஐடெல்லா

*

டெமோபோலிஸ்
திங்கள், ஏப்ரல் 13, 1970

அன்புத் தங்கைக்கு,

இது வியாழக்கிழமை உன் கைக்குக் கிடைக்கும். எல்லாரும் நலம். கையில் கொழுப்பு தடவினாயா?

நான் சபையில் எழுந்து நின்று எதையும் திருத்திச் சொல்லவில்லை. மேலாளரிடமும் போகவில்லை. பதினைந்து சென்ட் இருக்கிறது. மார்வா பெயரில் ஒரு டப்பாவில் போட்டு வருகிறேன். தினமும் ரொட்டி மாவு பிசையும்போது உன்னை நினைத்து அழுகிறேன், யாருக்கும் தெரியாது. உப்பு கொஞ்சம் குறைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. நான்தானடி உன்னைத் தள்ளிவிட்டேன். தப்பில்லை என்று நீ எழுதிவிட்டாய். எழுதினதை நம்புகிறேன். வலி மட்டும் போகவில்லை.

மார்வாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன திங்கட்கிழமை உனக்குத் தபால் போடப் போனபோது கூட வந்தாள். "ஏன் பெரியம்மா இப்பெல்லாம் திங்கக்கெழமையே தபாலாபீஸ் போறீங்க?" என்றாள். வியாழனுக்குப் போய்ச் சேர என்றேன். விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டே நடந்தாள். இந்த ஊரில் வியாழக்கிழமை என்றால் என்னவென்று எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? அவள் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்களுக்கு அதுதான் லீவு.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள். "அம்மா தங்குற வீட்ல பொம்பளப் புள்ள இருக்கா?"

நான் கதவைத் திறந்துவிட்டேன். அவள் உள்ளே போனாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள், இந்த வெயிலில், எல்லாப் பொத்தான்களையும் மாட்டிக்கொண்டு.

"கோட்டு இன்னும் எனக்குச் சரியாத்தான் இருக்குன்னு அம்மாவுக்கு எழுதுங்க பெரியம்மா. அடுத்த வருசமும் போடலாம்னு எழுதுங்க. அவசரமில்லன்னு எழுதுங்க."

கைகளைச் சுருக்கி உள்ளே இழுத்து, கோட்டுக்கையின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள், மணிக்கட்டு தெரியாமல் இருக்க.

எழுதிவிட்டேன்.

ஓலா மே